செய்து பார்க்க இடம் தரும் திரை: அறிவியல், கணிதம் கற்பிக்க உதவும் இணைய வளங்கள் – ஓர் எளிய அறிமுகம்

தமிழ்நாட்டில் 2018-19ஆம் கல்வியாண்டு முதல் படிப்படியாக வெளிவந்த புதிய பாடநூல்களைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு, அறிவியல், கணிதப் பாடங்களில் ‘இணையச் செயல்பாடு’ என்ற தலைப்பில் வரும் பகுதி நினைவிருக்கும். ஓர் உரலி (இணைய முகவரி), அதன் அருகே கறுப்பு வெள்ளைக் கட்டங்களாலான விரைவுக் குறியீடு, சில திரைப் படங்கள், ‘படி 1, படி 2’ என்று வரிசையாகக் குறிப்புகள். தேர்வுக்கு வராது என்பதாலேயே பல வகுப்புகளில் அந்தப் பக்கம் தொடப்படாமல் போகிறது. அதன் பின்னால் என்ன இருக்கிறது, எந்த வளம் எதற்குப் பயன்படும், வகுப்பறையில் அதை எப்படிக் கையாளலாம் என்பதை, இத்துறைக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களையும் பெற்றோரையும் மனத்தில் வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

இணைய வளம் என்ற பெயருக்குள் பல வகைகள் அடங்கும். பாடநூலின் பிடிஎஃப் கோப்பும் இணைய வளம்தான். யூடியூபில் உள்ள பாடக் காணொளியும், வினா வங்கியும், தானாகவே திருத்தி மதிப்பெண் தரும் பயிற்சித் தாளும் இணைய வளங்கள்தாம். இவற்றைப் பட்டியலிட்டு மனனம் செய்வதில் பயனில்லை. எந்த வளத்தைத் திறந்தாலும் ஆசிரியர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தத் திரையில் மாணவர் எதையாவது மாற்ற முடியுமா, மாற்றினால் விளைவும் அதற்கேற்ப மாறுமா? முடியாது என்றால் அது பார்க்கும் வளம். முடியும் என்றால் அது செய்து பார்க்கும் வளம். இரண்டுக்கும் வகுப்பில் இடமுண்டு. ஆனால் ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கொடுக்கும்போதுதான், ‘ஸ்மார்ட் வகுப்பறை இருந்தும் பிள்ளைகளுக்குப் புரியவில்லையே’ என்ற சலிப்பு வருகிறது.

பார்க்கும் வளங்கள்

பாடநூல்களில் அச்சிடப்பட்டுள்ள விரைவுக் குறியீடுகளில் பல, திக்‌ஷா தளத்துக்கு இட்டுச் செல்பவை. அன்று மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் எனப்பட்ட மத்தியக் கல்வி அமைச்சகத்தின் முயற்சியாக 2017 செப்டம்பர் 5 அன்று இத்தளம் தொடங்கப்பட்டது; மாநிலங்கள் தத்தம் பாடத்திட்டத்துக்கு ஏற்ற காணொளிகளையும் வினாக்களையும் அதில் ஏற்றியுள்ளன. தமிழ்நாட்டில் இதனுடன் 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சியும், பள்ளிக் கல்வித் துறை 2023இல் வெளியிட்ட மணற்கேணி செயலியும் சேர்கின்றன. இலங்கையில் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் பாடங்களைத் தருகிறது. இலாப நோக்கற்ற கான் அகாடமி கணிதத்துக்குப் பெயர் பெற்றது. அங்கு காணொளியைவிட அதனுடன் வரும் பயிற்சிக் கணக்குகள் பயனுடையவை என்பது என் கருத்து.

காணொளியின் பலம், ஆசிரியரால் வகுப்பறைக்குக் கொண்டுவர முடியாததைக் கொண்டுவருவது. எரிமலை வெடிப்பு, செல் பிரிதல், சந்திரனில் விண்வெளி வீரர் தாவி நடப்பது ஆகியவற்றைப் பார்த்தால்தான் நம்ப முடியும். அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. தெளிவாகப் பேசும் ஒருவரைக் கேட்கும்போது எல்லாம் விளங்கிவிட்டது போலத் தோன்றும். மறுநாள் அதே கருத்தில் ஒரு கேள்வி கேட்டால் வாய் திறக்காது. ஆகவே காணொளியை முழுமையாக ஓடவிடுவதைக் காட்டிலும், இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ‘அடுத்து என்ன நடக்கும்?’ என்று கேட்டு, பதிலை ஏட்டில் எழுதச் சொல்லி, பிறகு தொடர்வது நல்லது. இருபது நிமிடக் காணொளியில் பாடத்துக்குத் தேவையான பகுதி நான்கு நிமிடம் என்றால் அந்த நான்கு நிமிடத்தை மட்டும் காட்டுவதில் தவறொன்றும் இல்லை.

இந்த வகையில் தனித்துக் குறிப்பிட வேண்டியவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில் பொறியியல் படித்து, 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்ற இவர், தீக்குச்சி, சைக்கிள் வால்வு ட்யூப், பழைய செய்தித்தாள், காலி பாட்டில் போன்ற வீசியெறியும் பொருள்களைக் கொண்டு அறிவியல் பொம்மைகள் செய்யும் முறைகளைத் தம் தளத்தில் இலவசமாகத் தந்துள்ளார். அந்தக் குறும்படங்களில் பல தமிழிலும் உள்ளன. பார்த்து முடித்ததும் கை தானாகப் பொருளைத் தேடும் காணொளிகள் இவை.

சிமுலேஷன்: ஒரு மின்சுற்றை முன்வைத்து

செய்து பார்க்கும் வளங்களில் முதன்மையானது சிமுலேஷன். ஓர் இயற்கை நிகழ்வின் விதிகளைக் கணினியில் எழுதி, அதன் அளவுகளை நாம் விரும்பியபடி மாற்றவும் விளைவை உடனே பார்க்கவும் வழி செய்வதையே ஆசிரியர்கள் இப்பெயரால் குறிக்கிறார்கள். அசைவூட்டப் படத்தில் ஊசல் ஒரே விதமாகத்தான் ஆடும். சிமுலேஷனில் நூலை நீட்டினால் மெதுவாக ஆடும், குறுக்கினால் வேகமாக ஆடும், குண்டின் நிறையை மாற்றினால் அலைவுநேரத்தில் மாற்றம் ஏதும் இராது.

உலகெங்கும் பள்ளிகளில் பரவலாகப் பயன்படுவது அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெட் திட்டத்தின் தொகுப்பு. 2001இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன் 2002இல் இதைத் தொடங்கினார். இயற்பியலில் தொடங்கி இன்று வேதியியல், கணிதம், உயிரியல், புவி அறிவியல் வரை விரிந்துள்ள இத்தொகுப்பு முற்றிலும் இலவசம். மாணவர் பெயரைப் பதிவு செய்யவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு சிமுலேஷனையும் உருவாக்கும்போது மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எங்கே தயங்குகிறார்கள், எதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று நேர்காணல்களில் கவனித்துத் திருத்துவது இவர்கள் வழக்கம். திரையில் விளக்கவுரை அதிகம் இல்லாமல், இழுக்கவும் திருப்பவும் பொருள்கள் மட்டும் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

நேர்த்திசை மின்சுற்று அமைக்கும் சிமுலேஷனை எடுத்துக்கொள்வோம். திரையின் ஓரத்தில் கம்பி, மின்கலம், மின்விளக்கு, மின்தடை, சாவி ஆகியவை இருக்கும். அவற்றை இழுத்து நடுவில் போட்டு முனைகளை ஒட்டவைத்தால் சுற்று தயார். சுற்று மூடியதும் கம்பிக்குள் நீலக் குண்டுகளாக எலக்ட்ரான்கள் நகரத் தொடங்கும். வேண்டுமானால் அவற்றுக்குப் பதிலாக மரபு மின்னோட்டத்தின் (நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குப் பாய்வதாகக் கொள்ளப்படுவது) திசையைக் காட்டச் செய்யலாம். காகிதப் பிடிப்பு, நாணயம், அழிப்பான், பென்சில் போன்ற அன்றாடப் பொருள்களையும், ஏன், ஒரு நாயையும்கூடச் சுற்றில் இணைத்துப் பார்க்கலாம். பிள்ளைகள் முதலில் கை வைப்பது அந்த நாயின் மேல்தான் என்பதால், முதல் ஐந்து நிமிடத்தை அவர்கள் போக்கில் விட்டுவிடுவது ஆசிரியருக்கு நிம்மதி.

பிறகு கேள்விக்கு வரலாம். 9 வோல்ட் மின்கலம் ஒன்றுடன், ஒவ்வொன்றும் 10 ஓம் மின்தடை கொண்ட இரண்டு விளக்குகளைத் தொடரிணைப்பில் சேர்க்கப் போகிறோம். எந்த விளக்கு அதிகமாக ஒளிரும்? சுற்றை இயக்குவதற்கு முன்பே ஒவ்வொரு மாணவரும் தம் விடையையும் காரணத்தையும் எழுத வேண்டும். மின்கலத்துக்குப் பக்கத்தில் உள்ளதுதான் அதிகம் ஒளிரும், ஏனென்றால் மின்னோட்டத்தை அது முதலில் எடுத்துக்கொள்கிறது, மிச்சம்தான் அடுத்ததற்குப் போகிறது என்று ஒரு கூட்டம் சொல்லும். நேர்முனையிலிருந்தும் எதிர்முனையிலிருந்தும் மின்னோட்டம் புறப்பட்டு விளக்கில் மோதி ஒளி தருகிறது என்று இன்னும் சிலர் எழுதக்கூடும். பல நாடுகளின் மாணவர்களிடம் கல்வி ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட பிழைகள் இவை. பாடநூல் வரையறையை ஒப்பிக்கும் மாணவரிடமும் இவை ஒளிந்திருக்கும் என்பதால்தான் எழுதச் சொல்வது முக்கியம்.

இனிச் சுற்றை மூடினால் இரண்டு விளக்குகளும் ஒரே அளவில் ஒளிர்கின்றன. அம்மீட்டரை முதல் விளக்குக்கு முன்னும், இரண்டுக்கும் நடுவிலும், இரண்டாவதற்குப் பின்னும் வைத்துப் பார்த்தால் மூன்று இடத்திலும் 0.45 ஆம்பியர்தான். எலக்ட்ரான் குண்டுகளும் விளக்குக்கு முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் நகர்கின்றன, எதுவும் தீர்ந்துபோகவில்லை. அப்படியானால் விளக்கில் செலவாவது என்ன? ஆற்றல் என்ற சொல்லை ஆசிரியர் இந்த இடத்தில் கொண்டுவந்தால், அது மாணவரின் கேள்விக்கு விடையாக வந்து சேரும். அடுத்து அதே இரண்டு விளக்குகளைப் பக்க இணைப்புக்கு மாற்றினால் ஒவ்வொன்றிலும் 0.9 ஆம்பியரும், மின்கலத்திலிருந்து புறப்படும் கம்பியில் 1.8 ஆம்பியரும் தெரியும். வீட்டில் ஓர் அறையின் விளக்கை அணைத்தால் மற்ற அறைகள் ஏன் இருளாவதில்லை என்ற கேள்விக்கு இதற்குப் பிறகு மாணவரே விடை சொல்வார். விளக்கைத் தவிர்த்து மின்கலத்தின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பற்றும். குறுக்குச் சுற்று பற்றி எழுதிப்போட்ட எச்சரிக்கையைவிட இது ஆழமாகப் பதியும்.

முன்கூட்டியே கணித்தல், உற்றுநோக்கல், கணித்ததற்கும் கண்டதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குதல் என்ற இந்த மூன்று கட்ட முறை சிமுலேஷனுக்காக வந்ததன்று. அறிவியல் கற்பித்தலில் நெடுநாளாக உள்ளது. கணிக்கும் கட்டத்தைத் தவிர்த்துவிட்டு நேராகத் திரையைக் காட்டினால், எவ்வளவு நல்ல சிமுலேஷனும் ஒரு காணொளியாகிவிடும். வகுப்புக்கு ஒரே ஒரு புரொஜெக்டர்தான் இருக்கிறது, நாற்பது பேருக்குக் கணினிக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே விடை இருக்கிறது. சுட்டியைப் பிடிப்பது ஒருவர் என்றாலும், விடையை முன்கூட்டி எழுதிவைத்துவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்கள் நாற்பது பேரும்தான்.

சிமுலேஷன் எதையெல்லாம் எளிமையாக்கியிருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உண்மையான மின்கலம் நாளடைவில் தீர்ந்துபோகும். திரையில் உள்ளது தீராது. உண்மைக் கம்பியில் எலக்ட்ரான்களின் இழுப்புத் திசைவேகம் மிகக் குறைவு. சாதாரணச் சுற்றுகளில் அவை ஒரு விநாடியில் ஒரு மில்லிமீட்டர்கூடக் கடப்பதில்லை. சாவியைத் தட்டியவுடன் விளக்கு எரிவதற்குக் காரணம், கம்பி முழுவதிலும் ஏற்கெனவே இருக்கும் எலக்ட்ரான்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நகரத் தொடங்குவதே. திரையில் குண்டுகள் விரைந்து ஓடுவதைப் பார்க்கும் மாணவர், மின்கலத்திலிருந்து புறப்பட்ட எலக்ட்ரான் ஓடிவந்து விளக்கை ஏற்றுகிறது என்று எண்ணிவிட வாய்ப்புண்டு. ஒரு பிழையைக் களையும் கருவி இன்னொன்றை விதைத்துவிடக் கூடாது அல்லவா?

மேல்நிலை வகுப்புகளின் செய்முறைத் தேர்வுக்கு நெருக்கமாக வேண்டுபவர்கள், அமிர்தா பல்கலைக்கழகமும் மும்பை சி-டாக் நிறுவனமும் இணைந்து உருவாக்கிய ஓ-லேப்ஸ் தளத்தைப் பார்க்கலாம். 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு உரிய சோதனைகள் அதில் கோட்பாடு, செய்முறை, சிமுலேஷன், வாய்மொழி வினாக்கள் என்று ஆய்வகப் பதிவேட்டின் ஒழுங்கில் உள்ளன. புதிதாகக் கண்டுபிடிக்கும் இன்பம் அதில் குறைவு. சோதனைக்கு முந்தைய நாள் ஒத்திகையாகப் பயன்படுத்தினால் பலன் உண்டு.

கணிதத்தில் ஜியோஜீப்ரா

கணித ஆசிரியர் ஒருவர் ஒரே ஒரு கருவியை மட்டும் கற்றுக்கொள்ள விரும்பினால் அது ஜியோஜீப்ராவாக இருக்கட்டும். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் 2001இல் தம் முதுகலை ஆய்வின் பகுதியாகத் தொடங்கிய மென்பொருள் இது. வடிவியலையும் இயற்கணிதத்தையும் ஒரே திரையில் இணைத்ததே இதன் சிறப்பு: புள்ளியை நகர்த்தினால் சமன்பாடு மாறும், சமன்பாட்டை மாற்றினால் படம் மாறும். வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு இது இலவசம். தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்களின் இணையச் செயல்பாடுகளில் பலவும் ஜியோஜீப்ராவில் செய்யப்பட்டவையே.

பத்தாம் வகுப்பின் இருபடிச் சமன்பாட்டுக்கு வருவோம். y = x² − 4x + c என்று உள்ளிட்டால் c என்ற மாறிக்கு, இழுத்து மதிப்பை மாற்ற உதவும் ஒரு ஸ்லைடர் கிடைக்கும். அதன் மதிப்பு 3 ஆக இருக்கும்போது பரவளையம் X அச்சை 1, 3 ஆகிய இரு இடங்களில் வெட்டுகிறது. ஸ்லைடரை மெல்ல நகர்த்தினால் பரவளையம் மேலே ஏற, வெட்டும் புள்ளிகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி, c = 4 ஆகும்போது x = 2 என்ற இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன. c = 5 எனில் வளைவரை அச்சைத் தொடுவதே இல்லை. இதே மூன்று நிலைகளில் தன்மைக்காட்டியின் (b² − 4ac) மதிப்பு முறையே 4, 0, −4. ‘தன்மைக்காட்டி பூச்சியமானால் மூலங்கள் மெய், சமம்’ என்று மூன்று வரிகளாக மனப்பாடம் செய்யப்படும் விதி, ஒரே வளைவரையின் மூன்று நிலைகளாகக் கண்முன் தெரிகிறது. குறிப்பாக, சமமான மூலங்கள் என்பவை இரண்டு புள்ளிகள் நெருங்கி வந்து இணைவதன் முடிவு என்பதைக் கரும்பலகையில் காட்டுவது எளிதன்று.

இன்னொரு செயல்பாட்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு முக்கோணம் வரைந்து, மூன்று கோணங்களையும் அளந்து, ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனால் கோணங்கள் மாறிக்கொண்டே இருக்கும், கூடுதல் மட்டும் 180° என்று நிற்கும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது வியப்பூட்டும். ஆனால் கோணங்களை இரண்டு தசம இடங்களுக்குக் காட்டும்படி அமைத்து, அந்த எண்களைப் பிள்ளைகளையே கூட்டச் சொன்னால் ஒரு நாள் சிக்கல் வரும். உண்மை அளவுகள் 59.446°, 60.276°, 60.278° என்று வைத்துக்கொண்டால், திரையில் தெரிபவை 59.45°, 60.28°, 60.28°. கூட்டினால் 180.01°. கவனமான ஒரு மாணவி எழுந்து நின்று, ‘சார், நூற்றியெண்பதைவிடக் கூடுதலாக வருகிறதே’ என்பார்.

இதைக் கருவியின் குறை என்று சொல்லிக் கடந்துபோகும் ஆசிரியர் நல்ல வாய்ப்பொன்றை இழக்கிறார். தோராயமாக்கியதால் வந்த பிழை இது என்பதை விளக்கலாம். அதைவிட முக்கியமாக, ஆயிரம் முக்கோணங்களை இழுத்துப் பார்த்தாலும் அது நிரூபணம் ஆகாது என்ற கணிதத்தின் அடிப்படையைத் தொடலாம். ABC என்ற முக்கோணத்தில் A வழியாக BCக்கு இணையாக ஒரு கோடு வரைந்து, ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்பதைக் கொண்டு, மூன்று கோணங்களும் ஒரு நேர்கோட்டின் மேல் அடுத்தடுத்து அமர்வதைக் காட்டிவிட்டால், அளக்கவே வேண்டாம். எல்லா முக்கோணங்களுக்கும் ஒரே நேரத்தில் விடை கிடைத்துவிடுகிறது. ஜியோஜீப்ராவில் இழுத்துப் பார்ப்பது ஓர் ஊகத்தை உண்டாக்கவும், தவறான ஊகத்தை உடைக்கவும் உதவும். அது உண்மை என்று நிறுவுவதற்கு ஏடும் எழுதுகோலும்தான் வேண்டும். இந்த எல்லையைச் சொல்லாமல் கருவியை மட்டும் கொடுத்தால், கணிதமும் அளந்து பார்த்து முடிவு சொல்லும் ஒரு துறைதான் என்ற எண்ணம் மாணவரிடம் தங்கிவிடும்.

வரைபடங்கள் மட்டும் போதும் என்பவர்களுக்கு டெஸ்மோஸ் இன்னும் எளிது; சமன்பாட்டைத் தட்டச்சு செய்தால் வரைபடம் உடனே வந்துவிடும்.

கையால் செய்யக்கூடியதைக் கையாலேயே செய்தல்

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நூலும் ஒரு கல்லும் இருந்தால் ஊசல் தயார். அதற்குச் சிமுலேஷன் தேவையில்லை. ஒரு மீட்டர் நூலில் கல்லைக் கட்டி, இருபது அலைவுகளை எண்ணி, நேரத்தை இருபதால் வகுத்தால் ஏறத்தாழ 2 விநாடி கிடைக்கும்; நூலைக் கால் மீட்டராகக் குறைத்தால் அது 1 விநாடியாகும். எண்ணும்போது ஒன்று தவறிப்போவது, நூல் கட்டிய ஆணி ஆடுவது, இரண்டு குழுக்களின் விடைகள் சற்றே வேறுபடுவது எல்லாமே அறிவியல் கல்வியின் பகுதிகள். திரையில் இவை ஒன்றும் நிகழ்வதில்லை. அதே ஊசலைச் சந்திரனில் ஆட்டினால் என்ன ஆகும் என்ற கேள்வி வரும்போது சிமுலேஷனைத் திறக்கலாம். அங்கே ஈர்ப்பு முடுக்கம் 1.62 மீ/வி² மட்டுமே என்பதால் ஒரு மீட்டர் ஊசலின் அலைவுநேரம் 5 விநாடியை நெருங்குகிறது. ஆபத்தானது, கண்ணுக்குத் தெரியாதது, மிகப் பெரியது, மிகச் சிறியது, மிக மெதுவாக நடப்பது ஆகியவற்றுக்கே சிமுலேஷன் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறு நேராது.

கைப்பேசியையே அளவுகருவியாக மாற்றும் செயலிகள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி, கைப்பேசிக்குள் இருக்கும் முடுக்கமானி, காந்தமானி, ஒலிவாங்கி முதலிய உணரிகளைச் சோதனைக்குப் பயன்படுத்துகிறது. அதில் ஒலியால் இயங்கும் நிறுத்துக்கடிகாரம் ஒன்று உண்டு. இரண்டு கைப்பேசிகளை 5 மீட்டர் இடைவெளியில் வைத்து, முதல் கைப்பேசியின் அருகில் ஒருவர் கைதட்டினால் அது உடனே ஓடத் தொடங்கும். ஒலி போய்ச் சேர்ந்ததும் இரண்டாவது தொடங்கும். சிறிது நேரம் கழித்து இரண்டாவதன் அருகில் இன்னொருவர் கைதட்டினால் அது உடனே நிற்கும், முதலாவது சற்றுப் பின்னர் நிற்கும். இரண்டு கடிகாரங்களும் காட்டும் நேரங்களின் வேறுபாடு, ஒலி 10 மீட்டர் கடக்க எடுத்துக்கொண்ட நேரம். நம் ஊர் வெயிலில் அது 0.029 விநாடியை ஒட்டி வரும். வகுத்தால் விநாடிக்குச் சுமார் 345 மீட்டர். பள்ளி வராந்தாவிலேயே ஒலியின் திசைவேகத்தை அளந்துவிடலாம்.

வானியலில் ஸ்டெல்லேரியம் என்ற திறந்த மூல மென்பொருளை இதே வகையில் பயன்படுத்தலாம். ஊரையும் நாளையும் கொடுத்தால் அன்றைய வானம் திரையில் விரியும். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாள்களை ஒட்டி நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அந்த நிழலில்லா நாளை முதலில் மென்பொருளில் கண்டறிந்துவிட்டு, உரிய நாளில் மைதானத்தில் ஒரு குச்சியை நட்டு நிழல் மறைகிறதா என்று பார்க்கலாம்.

சரிதானா என்று பார்ப்பது எப்படி?

இணையத்தில் உள்ள எல்லாமே சரியானவை அல்ல என்பது தெரிந்ததே. ஆனால் பிழை பெரும்பாலும் பேச்சில் இருக்காது, படத்தில் இருக்கும். பருவகாலங்களை விளக்கும் அசைவூட்டப் படங்களில் பூமியின் பாதை நீள்வட்டம் என்று காட்டுவதற்காக முட்டை வடிவில் இழுத்து வரைந்துவிடுகிறார்கள். அதைப் பார்க்கும் பிள்ளை, சூரியனுக்கு அருகில் போகும்போது கோடை, விலகும்போது குளிர் என்று முடிவு செய்கிறது. உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில், இருப்பது ஜனவரி தொடக்கத்தில். மிகத் தொலைவில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டரில், இருப்பது ஜூலை தொடக்கத்தில். நமக்குக் கத்திரி வெயில் கொளுத்தும் மே மாதத்தில் பூமி சூரியனைவிட்டு விலகிப்போய்க்கொண்டிருக்கிறது. பருவங்களுக்குக் காரணம் பூமியின் அச்சு 23.5° சாய்ந்திருப்பது. அணுவைக் குட்டிச் சூரியக் குடும்பமாகக் காட்டும் படங்களும் இந்த வகையைச் சேர்ந்தவையே. ஒரு வளத்தை வகுப்பில் காட்டுவதற்கு முன் ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். படம் மட்டும் என்ன சொல்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.

இணைப்பு, உரிமம், மொழி

வகுப்பு நடக்கும் நேரத்தில் இணையம் இருக்கும் என்று நம்பி இறங்குவது பல பள்ளிகளில் இன்றும் துணிச்சலான செயல். ஃபெட் சிமுலேஷன் ஒவ்வொன்றையும் ஒரே கோப்பாகப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாமலே எந்த உலாவியிலும் இயங்கும். ஜியோஜீப்ராவையும் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். பழைய பட்டியல்களில் உள்ள உரலிகளை முன்கூட்டியே திறந்து பார்ப்பதும் அவசியம். ஃப்ளாஷ் தொழில்நுட்பத்துக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 உடன் முடிந்ததால், அதில் செய்யப்பட்ட எண்ணற்ற கல்விச் செயல்பாடுகள் இன்று திறப்பதில்லை.

இலவசம் என்பதும் திறந்த உரிமம் என்பதும் ஒன்றல்ல. யூடியூபில் ஒரு காணொளியைக் காசில்லாமல் பார்க்கலாம் என்பதால் அதை வெட்டி ஒட்டி நம் பெயரில் வெளியிட்டுவிட முடியாது. யுனெஸ்கோ 2002இல் ‘திறந்த கல்வி வளங்கள்’ என்று பெயரிட்டது, யாரும் பயன்படுத்தவும், மாற்றவும், மறுபடி பகிரவும் உரிமையாளரே அனுமதி தந்த வளங்களை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் அந்த அனுமதியை எழுத்தில் தருபவை. சிசி பை (CC BY) என்றிருந்தால் ஆக்கியவர் பெயரைக் குறிப்பிட்டால் போதும். உடன் என்சி (NC) என்றிருந்தால் வணிகப் பயன்பாடு கூடாது. எஸ்ஏ (SA) என்றிருந்தால் மாற்றியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். மாணவர்களின் பெயர், கைப்பேசி எண் கேட்கும் செயலிகளிடம் கூடுதல் கவனம் தேவை. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. கணக்குத் தொடங்காமலே பயன்படும் வளம் ஒன்று கிடைக்குமானால் அதையே தேர்ந்தெடுக்கலாம்.

மொழிதான் தமிழ்வழி வகுப்புகளுக்குப் பெரிய தடை. காணொளிகள் தமிழில் ஓரளவு உண்டு. செய்து பார்க்கும் வளங்கள் குறைவு. இலங்கைப் பாடங்களில் ஆர்முடுகல் என்பதையும் இங்கே முடுக்கம் என்பதையும் ஒன்றென அறிந்துகொண்டால் கடலுக்கு அப்பாலுள்ள வளங்களையும் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். ஃபெட் சிமுலேஷன்களில் ஒரு பகுதிக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு. எஞ்சியவற்றை மொழிபெயர்க்க நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை: தளத்தில் உள்ள மொழிபெயர்ப்புக் கருவியில் பதிவு செய்துகொண்டு, திரையில் தோன்றும் சொற்களின் பட்டியலுக்கு எதிரே தமிழ்ச் சொற்களை நிரப்பி அனுப்பினால், அந்தச் சிமுலேஷன் தமிழில் எல்லோருக்கும் கிடைக்கும். எளிய சிமுலேஷன் ஒன்றில் வரும் சொற்கள் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். பாடநூலின் கலைச்சொற்களை நன்கறிந்த ஓர் ஆசிரியருக்கு அது ஒரு மாலை நேர வேலை.